நாலாக மடித்த கயிறு

எங்கள் கடற்கரையில் உருண்டையாக எதைக் கண்டாலும் கயிற்றைச் சுற்றி நாலாக மடிப்பார்கள். தோணி கட்டுவதற்கு மரம் வந்து இறங்கும் கிடங்கில் பிறந்த வழக்கம் அது. அடிமரத்தின் இடுப்பைச் சுற்றிக் கயிறு போடு. அந்தக் கயிற்றை இரண்டாக மடி, மறுபடி இரண்டாக மடி. கிடைத்த நீளத்தை அதே நீளத்தால் பெருக்கு, அப்புறம் மரத்தின் நீளத்தால் பெருக்கு. இத்தனை கன அடி என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போ. இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஒருவர் கிடங்கில் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மரமோ பாய்மரமோ, அவர் சொன்ன அளவுக்குத் துறைமுக ஆபீசில் மறுபேச்சு கிடையாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் கயிற்றை ஓர் இரும்புத் தண்ணீர் டாங்கியைச் சுற்றிப் போட்டார். அதனால் என் அண்ணனுக்குத் தோணியில் இடம் போயிற்று.

அப்பா தோணியில் தண்டல். தோணியை நடத்திக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறவர். தோணி வேறொருவருடையது. அந்த வருஷம் தோணியில் குடிதண்ணீர் வைக்கிற பழைய மரப் பீப்பாய்கள் எல்லாம் பலகை விட்டு நாறத் தொடங்கியிருந்தன. துறைமுக ஆபீசர் வந்து, ஆகாது என்று ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார். புதுப் பீப்பாய் எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. தோணி முதலாளி, யுத்தத்துக்காக வந்து வேலை முடிந்து கிடந்த ஓர் இரும்பு டாங்கியை வாங்கிக் கடற்கரையில் கொண்டுவந்து போட்டார். படுக்கைவாக்கில் கிடக்கிற உருளை. இரண்டு முனையும் தட்டையாக அடைத்தது. முதுகின் நடுவில் தண்ணீர் ஊற்ற ஒரு வாய். ஒரு முனையில் கீழே குழாய்.

ஆபீசில் ஒரு விதி உண்டு. கொழும்புக்குப் போகிற தோணியில் ஆளுக்கு இருபது காலன், இன்றைய கணக்கில் தொண்ணூறு லிட்டர், நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். காற்று செத்துப்போய்க் கடலில் கிடக்க நேர்ந்தால் அதுதான் உயிர். அண்ணாச்சி டாங்கியைச் சுற்றிக் கயிறு போட்டு, நாலாக மடித்து, நூற்றுத் தொண்ணூறு காலன் என்றார். ஆளுக்கு இருபது என்றால் ஒன்பது பேர். தோணிக்குப் பேசியிருந்ததோ பதினோரு பேர்.

கடைசியாகப் பேசிய இரண்டு பேரை அப்பா நிறுத்தினார். ஒருவர் புன்னைக்காயல்காரர். அவருக்கு அன்றைக்கே வேறு தோணி கிடைத்துவிட்டது. இன்னொருவன் என் அண்ணன்.

அண்ணனுக்கு வேறு தோணி கிடைக்காது. முந்தின வருஷம் சரக்கு இறக்கும்போது மூட்டை சரிந்து வலது கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எந்தத் தண்டலும் அவனைப் பார்த்து, "பொறவு பாப்போம்" என்பார். ஒரு முறை போய்த் திரும்பிக் காட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். போகாவிட்டால் அவன் கரை ஆள்தான். அப்பா அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "இந்தத் தடவ ஏறலன்னா உப்பளத்துல வேலைக்குச் சொல்லி வைக்கேன்ல. சும்மா இருந்தா கடல் கூப்புடாது."

அன்று மாலை அவர் நிறுத்தியதாகச் சொன்னபோது அம்மா மட்டும்தான் கேட்டாள். "பெத்த புள்ளைய நிறுத்திட்டு ஊரான் புள்ளைய ஏத்துவீகளோ?"

"பெத்த புள்ளைன்னு ஏத்துனா, நாளைக்கு நடுக்கடல்ல தண்ணி அளந்து குடுக்கும்போது ஒருத்தனும் என் மொகத்தப் பாக்க மாட்டான்" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அப்போது பதினெட்டு. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் இறுதி வகுப்பு தேறி, வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மேலே படிக்கப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்பது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பேச்சுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு நின்றுவிடும். கையில் எது கிடைத்தாலும் அளந்துகொண்டிருந்தேன். அரிசிப் பானை, கிணற்று உறை, தலையணை கூட. அம்மா என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னது, "இவளுக்குக் கை அரிப்பு" என்பது.

அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணாச்சி எப்படி அளந்தாவ? நீ பாத்தியா?"

"பாக்காம என்ன. கயித்தச் சுத்துனாவ, ஒம்பது அடி. நாலா மடிச்சாவ, ரெண்டேகால் அடி. ரெண்டேகால ரெண்டேகாலால பெருக்கி, நீளம் ஆறடி, அதாலயும் பெருக்குனாவ. முப்பது கன அடியும் சொச்சமும். கன அடிக்கு ஆறேகால் காலன். நூத்தித் தொண்ணூறு."

"நாலா மடிச்சாவளா?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான?"

நான் எழுந்து அடுக்களைக்குள் போய்த் துவரம்பருப்பு டப்பாவையும் ஒரு முழம் நூலையும் எடுத்து வந்தேன். நூலின் இரு முனையையும் முடிந்து வளையமாக்கினேன். அண்ணனின் நாலு விரலைத் தரையில் ஊன்றச் சொல்லி, வளையத்தை அவற்றில் மாட்டிச் சதுரமாக்கினேன். அதற்குள் பருப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே பரப்பாக நிரப்பினேன்.

"இப்பம் விரல எடு."

அவன் எடுத்ததும் அதே நூலை வட்டமாக விரித்துப் பருப்பை ஒதுக்கி ஒதுக்கி நிரவினேன். எவ்வளவு நிரவினாலும் வட்டத்தின் ஓரத்தில் வெறுந்தரை தெரிந்தது. அதை மூட இன்னும் கால் பங்குக்கு மேல் பருப்பு வேண்டியிருந்தது.

"அதே நூல்தான். சதுரமா நின்னா கொஞ்சம் புடிக்கும். வட்டமா நின்னா ரொம்பப் புடிக்கும். அண்ணாச்சி டாங்கிய நாலு மூலைப் பொட்டியாக்கிட்டாவ."

"ஏளா, பருப்ப மண்ணுல கொட்டி என்ன வெளையாட்டு?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

நான் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டேன். சுற்றளவு ஒன்பது, ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் குறுக்களவு. அதில் பாதி ஆரம். ஆரத்தின் வர்க்கத்தை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்து, நீளம் ஆறால் பெருக்கினேன். முப்பத்தெட்டரை கன அடிக்கு மேல் வந்தது. காலனாக்கினால் இருநூற்று நாற்பத்தொன்று. பன்னிரண்டு பேருக்குத் தண்ணீர். பலகையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தேடி ஓடக் கிளம்பினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "கயித்தச் சுத்துனது வெளிய. தண்ணி கெடக்கது உள்ள. இரும்புக்குக் கனம் உண்டும்லா?"

நான் பலகையைக் கீழே வைத்தேன்.

"குழாய் அடியில இல்ல, கொஞ்சம் மேல இருக்கு. அதுக்குக் கீழ உள்ள தண்ணி வெளிய வராது. அதையும் கழி." அவன் பருப்பைக் கூட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே பேசினான். "எனக்காவக் கூட்டிப் போடாத. கூடுதலாச் சொல்லிட்டு அங்கன நாக்கு வறண்டு கெடந்தா, மொதல்ல என் மொகத்தப் பாப்பானுவ."

அவனுக்கு இடம் வேண்டும் என்று நான் கணக்குப் போடக்கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. கழிக்கக்கூடியதை எல்லாம் கழிப்பேன். சந்தேகம் வருகிற இடத்தில் தண்ணீருக்கு எதிராகவே கழிப்பேன். அதற்குப் பிறகும் பதினொன்று நின்றால் ஒருவரும் அதை அசைக்க விடமாட்டேன்.

விடிந்ததும் அம்மாவின் தையல் டேப்பையும் ஒரு சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு கடற்கரைக்குப் போனேன். அங்கே மரம் இழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது.

"ஏலே, தண்டல் மவ டாங்கிக்குச் சட்டை தைக்க அளவெடுக்கா."

"கைவச்ச சட்டையா, கையில்லாத சட்டையா?"

"கை எங்கல இருக்கு? குழாய்தான் இருக்கு. குழாய்க்கு ஒரு கை வச்சுத் தைளா."

நான் டேப்பைச் சுற்றினேன். சுற்றளவு ஒன்பது அடி சரி. நீளம் ஆறடி சரி. வாயின் விளிம்பில் டேப்பை வைத்துத் தகட்டின் கனத்தைப் பார்த்தேன். எட்டில் மூன்று அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் முக்கால் அங்குலம் குறுக்களவிலிருந்து போகும், முக்கால் அங்குலம் நீளத்திலிருந்தும் போகும். அற்பம் என்று தோன்றும். ஆனால் குறுக்களவு தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிற அளவு. அதில் முக்கால் அங்குலம் குறைந்தால் காலன் காலனாகத் தின்னும். டாங்கியின் விலாவிலேயே சுண்ணக்கட்டியால் கணக்கை எழுதினேன். இருநூற்று நாற்பத்தொன்று இருநூற்று இருபத்தெட்டாக இறங்கியது. பன்னிரண்டாவது ஆள் போய்விட்டார்.

இனி குழாய். அண்ணன் ஒரு குச்சியை வாய் வழியாக விட்டு உள்தரையைத் தொட்டு, குழாயின் உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினான். இரண்டு அங்குலம். அதற்குக் கீழே தங்கும் தண்ணீர் படகின் அடிவயிறு மாதிரி வளைந்து கிடக்கும். அந்த வளைந்த துண்டின் பரப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த உயரத்தில் தண்ணீரின் அகலம் பதினாறு அங்குலம் என்று கண்டுபிடிக்கத் தெரியும். வளைவைப் பார்க்காமல், பதினாறு அங்குல அகலம் இரண்டு அங்குல உயரம் என்று முழுப் பட்டையாகவே எடுத்துக்கொண்டேன். உண்மையில் வீணாவதைவிட அது கூடுதல். கூடுதலாகக் கழித்தால் ஒருவரும் தாகத்தில் கிடக்கமாட்டார்கள். எட்டு காலன் போயிற்று.

மீதி இருநூற்று இருபதும் சொச்சமும். பதினோரு பேர்.

அந்த எண்ணைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுகையில் அண்ணாச்சி வந்துவிட்டார். பின்னால் அப்பா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணாச்சி சுண்ணக்கட்டி எழுத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். "பாப்பா, நான் மரம் அளக்க வந்தபொறவுதான் ஒங்கப்பாவே தண்டலு. என் அளவுல ஒரு தோணி முங்கிருக்கா?"

"முங்காது அண்ணாச்சி. ஒங்க அளவு எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும்."

மரம் இழைத்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அப்பா, "ஏளா" என்றார் மெதுவாக.

"குறைச்சுச் சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணாச்சி. கோபமாக இல்லை, வேலையை விளக்குகிறவர் போல. "உருண்டை மரத்தச் சதுரமா அறுக்கணும். பட்டை போகும், ரம்பத்துல பொடி போகும், மூலை போகும். போறது போவ வாங்குறவனுக்கு நிக்கிறது எவ்வளவோ அதச் சொல்லுறதுக்குத்தான் நாலா மடிக்கிறது. இல்லன்னா வாங்குறவன் என் சட்டையப் புடிப்பான்."

எனக்கு அது அதுவரை தெரியாது. அந்தக் கயிறு தப்பான கணக்கு இல்லை. மரத்துக்கென்று செய்த கணக்கு. எனக்கு வழி திறந்துவிட்டது போலிருந்தது.

"தண்ணிக்குப் பட்டை இல்ல அண்ணாச்சி. ரம்பமும் போடப் போறதில்ல. எதுக்கு அந்தக் கழிவு? கழிக்க வேண்டியத நான் கழிச்சிருக்கேன். இரும்பக் கழிச்சேன், குழாய்க்குக் கீழ உள்ளதக் கழிச்சேன்."

அவர் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஆபீசரிடம் நூற்றுத் தொண்ணூறு என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஒரு பெண் சுண்ணக்கட்டியால் எழுதினதை வைத்து அதை மாற்ற அவரால் முடியாது என்பது எனக்கும் தெரிந்தது.

"ஊத்திப் பாப்போம்" என்றேன். "டின்னால ஊத்தி நீங்களே எண்ணுங்க. டின்னுக்கு நாலு காலன். அம்பத்தஞ்சு டின்னு போனா பதினோரு பேரு. ஒரு டின்னு குறைஞ்சாலும் நான் வீட்டுக்குப் போயிடுதேன்."

"அம்புட்டு நல்ல தண்ணிக்கு எங்கன போவ?" என்றார் அப்பா.

"கடல் தண்ணி போதும். எப்படியும் டாங்கியக் கழுவத்தான வேணும்? பொறவு கிணத்துத் தண்ணி விட்டு அலசிருவோம்."

அப்பா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தேர்ந்தெடுத்து, நசுங்கல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, "இதே டின்னுதான். மாத்தக் கூடாது" என்றார்.

முதலில் எண்ணாமல் ஊற்றினோம். குழாய் வழியாகச் சொட்டத் தொடங்கியதும் குழாயை அடைத்தோம். அங்கிருந்துதான் கணக்கு. இழைத்தவர்களில் நாலு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, குடத்திலும் வாளியிலும் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த ஒரே டின்னில் நிரப்பினார்கள். அண்ணன் அதைத் தூக்கி வாயில் ஊற்றினான். அண்ணாச்சி நெல் அளக்கிறவர் போலவே ஒன்றுக்கு லாபம் என்று சொல்லி எண்ணினார்.

"லாபம். ரெண்டு. மூணு."

சட்டை தைக்கச் சொன்னவன், "பாப்பா, சட்டை பத்தாது போலிருக்கே, வயிறு பெருக்குது" என்று ஒருமுறை சொன்னான். சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிக்க யாருக்கும் மூச்சில்லை. நாற்பத்தேழு வரை ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கணக்குப்படி நாற்பத்தெட்டாவது டின் முழுதாக உள்ளே போக வழியில்லை. அது போயிற்று. நாற்பத்தொன்பதும் போயிற்று. அவர் குரலில் மாற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து வாய்க்குள் பார்க்கத் தொடங்கினார்.

ஐம்பத்திரண்டாவது டின்னை ஊற்றியபோது தண்ணீர் வாய்க்கு வந்து வெளியே வழிந்தது.

"நெறைஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி. இருநூறும் சில காலன்களும். பத்துப் பேர். அண்ணன் டின்னைக் கீழே வைத்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தான்.

நான் சுண்ணக்கட்டி எழுத்தை மறுபடி படித்தேன். ஏழு எங்கே, இருபத்திரண்டு எங்கே, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பத்துக் காலனுக்கு மேல் எங்கே போகும்? எழுத்தைப் படித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நான் நேராக எழுதிய வரிகள் சாய்ந்திருந்தன. குழாய்ப் பக்கம் கீழே, மறுபக்கம் மேலே.

மணல். ஒரு டன் தண்ணீரின் பாரத்தில் டாங்கியின் குழாய்ப் பக்கம் மணலுக்குள் இறங்கியிருந்தது. மறுமுனை நிமிர்ந்துவிட்டது. வாய் நடுவில் இருப்பதால், நிமிர்ந்த முனையின் உச்சியில் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தது.

நிமிர்ந்த முனையின் மேல்புறத்தைக் கையால் தட்டினேன். வெறும் பானைச் சத்தம். அண்ணாச்சியின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். "நீங்களே தட்டுங்க." அப்புறம் மறுமுனையைத் தட்டச் சொன்னேன். மொத்தென்று கேட்டது.

அவர் இரண்டையும் இன்னொரு முறை தட்டினார். "ஏலே, கடப்பாரை கொண்டாங்க" என்றார்.

தாழ்ந்த முனைக்கு அடியில் மணலைத் தோண்டி மரக்கட்டையைக் கொடுத்துக் கடப்பாரையை மாட்டினார்கள். நாலு பேர் தொங்கினார்கள். அசையவில்லை. அண்ணன் போய், நல்ல காலை மணலில் ஊன்றித் தோளை டாங்கியின் தாழ்ந்த முனைக்கு அடியில் கொடுத்தான். அப்பாவும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்தார். ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். டாங்கி ஒரு விரல் எழும்பியது, இன்னொரு விரல் எழும்பியது, ஆப்பு உள்ளே போயிற்று. வாயிலிருந்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது. தண்ணீர் சடாரென்று கீழே இறங்கிவிட்டது.

"அம்பத்திரண்டுல கொஞ்சம் வழிஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி. "அதச் சேக்க மாட்டேன்."

"சேக்க வேண்டாம். அம்பத்தொண்ணுல இருந்து எண்ணுங்க."

அதனால் எங்களுக்கு ஒரு டின் நட்டம். ஐம்பத்திரண்டாவதை மறுபடி ஊற்றினோம். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலில் வாய்க்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் தெரிந்தது. அண்ணன் ஐம்பத்தைந்தாவது டின்னைத் தூக்கி, நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றினான். கடைசிச் சொட்டு வரை உள்ளே போயிற்று. தண்ணீர் விளிம்பைத் தொட்டு நடுங்கிக்கொண்டு நின்றது.

"அம்பத்தஞ்சு" என்றார் அண்ணாச்சி. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவிடம், "ஆபீஸ்ல நான் சொல்லிக்கிடுதேன். பதினோரு பேரு" என்றார். இரண்டடி போய்த் திரும்பி என்னிடம், "பாப்பா, மரத்துக்கு நான் நாலாத்தான் மடிப்பேன்" என்றார்.

"மரத்துக்கு நீங்க அப்படித்தான் மடிக்கணும் அண்ணாச்சி."

அப்பா என்னைப் பாராட்டவில்லை. அண்ணனிடம் சொன்னார். "தண்ணி அளந்து குடுக்குற வேலை ஒனக்கு. உள்ள எவ்வளவு இருக்குன்னு கேட்ட ஒடனே சொல்லணும்."

படுத்துக் கிடக்கிற டாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வாய் வழியாக எப்படிச் சொல்வது? ஒரு குச்சியை விட்டு நனைந்த உயரத்தைப் பார்க்கலாம். ஆனால் பாதி உயரம் நனைந்தால்தான் பாதி. கால்வாசி உயரம் என்றால் கால்வாசித் தண்ணீர் இல்லை, அதற்கும் குறைவு. அந்த வளைந்த துண்டை இனியும் பட்டையாக எடுத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. கட்டம் போட்ட தாளில் வட்டம் வரைந்து, ஒவ்வோர் உயரத்துக்கும் கீழே விழுகிற கட்டங்களை எண்ணினேன். வெட்டுப்பட்ட கட்டங்களில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் கிடையாது. இரண்டு நாள் ஆயிற்று. அம்மா மீன் கழுவக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துவிட்டாள். முடித்ததும் ஒரு மூங்கில் பிளாச்சை இழைத்து, இருபது காலனுக்கு ஒரு கோடாகச் சூட்டுக்கம்பியால் சுட்டேன்.

அதற்குள் டாங்கியைத் தோணியில் ஏற்றி நல்ல தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். தோணி புறப்படும் காலையில் அந்தக் குச்சியை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் கோடுகளைத் தடவிப் பார்த்தான்.

"ஏளா, நடுவுல கோடெல்லாம் நெருக்கமா இருக்கு. மேலயும் கீழயும் எட்டி எட்டி இருக்கு. அவசரத்துல போட்டியோ?"

"இல்ல. நடுவுல டாங்கி அகலம். அங்கன தண்ணி மெல்லத்தான் எறங்கும். கீழ வர வர வேகமா எறங்கும். பாதிக்குக் கீழ போனா குச்சிய நம்பு, கண்ண நம்பாத."

அவன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாய்ந்த நடையிலேயே தண்ணீருக்குள் இறங்கிப் போய்த் தோணியில் ஏறினான். ஏறியதும் முதல் வேலையாக டாங்கியின் வாயைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு எடுத்து, கரையில் நிற்கும் எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். மேல் கோடு வரை நனைந்திருந்தது.